இழுவை வண்டியின் ஹாரன்: எவ்வளவு ஒலி வேண்டும்?

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லை நெடுகிலும் மேற்குத் தொடர்ச்சி மலை அமைந்திருப்பதால், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குச் செல்லும் வாகனங்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைச்சாலைகளுள் ஒன்றில் ஏறியே ஆகவேண்டும். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளும் கம்பம்மெட்டுச் சாலையில் 18 வளைவுகளும் உள்ளன. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலை அவற்றைவிடக் குறுகிய தொலைவுடையதாயினும், காய்கறி லாரிகளும் அரசுப் பேருந்துகளும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகளும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் இடைவிடாமல் சென்றுவரும் வழியாகும். மலையடிவாரத்தில் பரந்துள்ள இருபோக நெல் வயல்களிலிருந்தும் திராட்சை, வாழைத் தோட்டங்களிலிருந்தும் விளைபொருளை ஏற்றிய டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் அதே நெடுஞ்சாலைகளில் சேர்கின்றன. மலையில் பழுதாகி நிற்கும் லாரிகளைக் கட்டி இழுத்துவர ரெக்கவரி வண்டிகள் ஏறி இறங்குகின்றன. தன் எடையோடு இன்னொன்றின் எடையையும் சுமந்து செல்லும் இந்த இழுவை வண்டிகளில்தான், கம்பெனி பொருத்திய ஹாரனைக் கழற்றிவிட்டு அதைவிடச் சத்தமான ஒன்றை மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது.

இந்த வழக்கத்தை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுக்கும் டிராக்டரில் பிரேக் பிடித்தவுடன் டிராக்டர் நிற்க முயன்றாலும் பின்னாலுள்ள பாரம் அதை முன்னோக்கித் தள்ளுவதால், அது தனியாகச் செல்லும்போது நிற்கும் தொலைவுக்குள் நிற்பதில்லை. இன்ஜின் இரைச்சல் ஓட்டுநரின் காதருகே 90 டெசிபலை ஒட்டி இருக்கக்கூடுமாதலால், தன் ஹாரன் ஒலிப்பதே அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை; எதிரே வரும் காரிலோ கண்ணாடிகள் ஏற்றப்பட்டு, ஏ.சி.யும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும். விரைவில் நிற்க முடியாத வண்டி தன் வரவை முன்கூட்டியே அறிவிக்க விரும்புவது நியாயமான தேவை என்பதால், அந்தத் தேவையை எந்த ஹாரன் உண்மையில் நிறைவேற்றுகிறது, எது நிறைவேற்றுவதுபோலத் தோன்றிப் புதிய ஆபத்தைக் கொண்டுவருகிறது என்று பிரித்தறிவது அவசியமாகிறது.

ஒலியின் கணக்கு

ஒலியின் வலிமையை அளக்கும் அலகான டெசிபல், கிலோ அல்லது மீட்டரைப் போல நேராகக் கூடுவதில்லை. அது பெருக்கல் முறையில் அமைந்த அளவு என்பதால், ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு ஹாரன்களைச் சேர்த்து ஒலித்தால் 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. மனிதக் காதுக்கு ஒலி இரண்டு மடங்கானதாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு அத்தகைய ஹாரன்கள் பத்து தேவைப்படும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 7 மீட்டர் தொலைவில் 100 டெசிபலாக இருக்கும் ஹாரன், 14 மீட்டரில் 94 ஆகவும், 28 மீட்டரில் 88 ஆகவும், 56 மீட்டரில் 82 ஆகவும் தளர்ந்துவிடும். அந்த 82 டெசிபலில் மூடிய காரின் உடலும் கண்ணாடியும் 20 டெசிபலுக்கும் மேல் தடுத்துவிடுவதால், உள்ளே இருப்பவரை எட்டுவது சாதாரணப் பேச்சொலியின் அளவே ஆகும்.

கொண்டை ஊசி வளைவில் இக்கணக்கு மேலும் மாறுகிறது. பாறைச் சரிவு இரு வண்டிகளுக்கும் இடையில் நிற்பதால் ஒலி நேர்கோட்டில் செல்ல இயலாமல், வளைந்தும் எதிர்ப்பக்கச் சரிவில் மோதித் திரும்பியும்தான் மறுபுறத்தை அடைகிறது. அலைநீளம் மிகுந்த தாழ்ந்த ஒலி தடைகளைச் சுற்றி எளிதாக வளைந்து செல்லும். கீச்சென்ற உயர்ந்த ஒலியை அதே தடை பெரிதும் மறைத்துவிடும். வண்டிகளில் லோ, ஹை என இரண்டு ஹாரன்களை இணையாகப் பொருத்துவதன் பயன் இதிலிருந்து விளங்கும்: தாழ்ந்த சுருதி வளைவைக் கடந்து சேரவும், உயர்ந்த சுருதி சுற்றியுள்ள இன்ஜின் இரைச்சலிலிருந்து தனித்துக் கேட்கவும் உதவுகின்றன. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் நொடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர் நெருங்குவதால், 50 மீட்டருக்கு முன் ஹாரன் கேட்டால் இருவருக்கும் நான்கு நொடிக்குச் சற்று மேலான அவகாசம் கிடைக்கிறது. அதே வளைவில் இருவரும் 40 கிலோமீட்டரில் வந்தால் அந்த அவகாசம் பாதியாகிவிடுகிறது. வேகத்தால் இழந்த நொடிகளை ஒலியைக் கூட்டி மீட்பது அரிது.

மின் ஹாரனும் ஏர் ஹாரனும்

மின் ஹாரனுக்குள் ஒரு மின்காந்தமும், மெல்லிய எஃகுத் தகடும், தொடர்பைத் துண்டித்து மீண்டும் இணைக்கும் ஒரு பாயிண்ட்டும் உள்ளன. பொத்தானை அழுத்தியதும் மின்காந்தம் தகட்டை இழுக்க, அந்த அசைவே பாயிண்ட்டைப் பிரித்து மின்சாரத்தை நிறுத்த, தகடு பழைய நிலைக்குத் திரும்பி மறுபடியும் மின்சாரம் பாய்கிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நிகழும் இந்த அதிர்வே ஹாரனின் ஒலியாகும். தட்டையான உருவம் உடையது டிஸ்க் ஹாரன் எனவும், நத்தை ஓடுபோல் சுருண்ட குழலின் வழியே ஒலியைச் செலுத்துவது விண்ட்டோன் ஹாரன் எனவும் கடைகளில் வழங்குகின்றன. 1970இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட ரூட்ஸ் நிறுவனம் இத்தகைய ஹாரன்களின் உற்பத்தியில் பெயர்பெற்று விளங்குவதால், தமிழ்நாட்டு வாகன ஓட்டிகளுக்கு இவை மிகவும் பழக்கமானவை.

ஏர் ஹாரன் அழுத்தப்பட்ட காற்றை நீண்ட குழலின் அடியிலுள்ள தகட்டின் மீது பாய்ச்சி ஒலி எழுப்புகிறது. லாரியிலும் பேருந்திலும் இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தியாகும். இன்ஜினால் இயங்கும் கம்ப்ரசர், ஏர் டேங்குகளில் நிரப்பி வைக்கும் காற்றே சக்கரங்களின் பிரேக்கை இயக்குகிறது. பிரேக்குக்குரிய காற்றைப் பாதுகாத்து, மிகுதியை மட்டும் பிற கருவிகளுக்கு விடுவதற்கெனத் தனி வால்வு ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். முறையறிந்தவர் அந்த வால்வைத் தாண்டிய துணை இணைப்பிலிருந்து ஹாரனுக்குக் காற்று எடுப்பார். அவசரத்தில் செய்யப்படும் வேலையிலோ பிரேக் குழாயையே அறுத்து ஒரு டீ இணைப்பைச் செருகி, தரமற்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி விடுகிறார்கள். அந்த இணைப்பு சிறிதே கசிந்தாலும், அல்லது ஹாரனைத் தொடர்ந்து அழுத்தினாலும், பிரேக்குக்கு உரிய காற்றே வெளியேறுகிறது.

போடிமெட்டிலிருந்து பாரத்துடன் இறங்கும் லாரியை எண்ணிப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிக்க நேர்வதால் காற்று செலவாகிக்கொண்டே இருக்க, வளைவில் இன்ஜின் வேகம் குறையும்போது கம்ப்ரசரும் மெதுவாகவே காற்றை நிரப்ப, அதே வளைவுகளில்தான் ஹாரனும் அதிகம் ஒலிக்கப்படுகிறது. வண்டியை நிறுத்த வேண்டிய காற்றும் எதிரே வருபவரை எச்சரிக்கும் காற்றும் ஒரே டேங்கிலிருந்து, ஒரே நேரத்தில் எடுக்கப்படும் இந்த ஏற்பாடு மலைச்சாலைக்கு முற்றிலும் பொருந்தாதது. பழுதான லாரியை இழுத்துவரும் ரெக்கவரி வண்டியின் பிரேக்குகள் இரு வண்டிகளின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், அங்கு இந்த ஆபத்து மேலும் கூடுகிறது.

சட்டம் வகுக்கும் எல்லை

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, ஒவ்வொரு வாகனத்திலும் போதிய எச்சரிக்கை தரும் ஹாரன் இருக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவதோடு, அடுத்தடுத்துப் பல சுருதிகளில் ஒலிக்கும் ஹாரனையும் அளவுக்கு மீறிக் கடூரமான, அச்சமூட்டும் ஒலி எழுப்பும் எந்தக் கருவியையும் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை வாகனங்களோடு மீட்புப் பணியில் உள்ள வாகனங்களுக்கும் இவ்விதி விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்த விலக்கு பதிவு அதிகாரி ஏற்றுக்கொண்ட ஒலிக்கருவிக்கு மட்டுமே உரியதாதலால், ரெக்கவரி வண்டி என்ற காரணத்தாலேயே விரும்பிய ஹாரனைப் பொருத்திக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. வண்டியில் பொருத்திய நிலையில் 7 மீட்டர் தொலைவில் அளக்கும்போது ஹாரனின் ஒலி 93 டெசிபலுக்குக் குறையாமலும் 112 டெசிபலுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது கார், லாரி, பேருந்துகளுக்கான அளவுகோலாகும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவசரத் தேவையின்றி ஹாரன் ஒலிக்கக் கூடாது என்பதை 2005இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் வலியுறுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194எஃப் பிரிவு, தேவையின்றியோ தொடர்ந்தோ ஹாரன் ஒலிப்பவருக்கு முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. தேனி மாவட்ட வண்டிகள் அன்றாடம் எல்லை தாண்டும் கேரளத்தில், 2025 அக்டோபரில் ஏர் ஹாரன்களுக்கு எதிராகத் தனிச் சோதனை நடத்தப்பட்டுப் பறிமுதலானவை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கப்பட்டன.

இந்த எல்லைகளுக்குக் காரணம் மனித உடலே. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்றும், ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் தொழிற்சுகாதார வல்லுநர்கள் கணக்கிடுகின்றனர். அதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடமே எல்லையாகும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நெடுஞ்சாலையோரத்தில் பழக்கடை, பூக்கடை போட்டு நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர்கள் இந்த அளவைத் தம் விருப்பத்தால் ஏற்றவர்கள் அல்லர். கண்ணாடி ஏற்றிய காரை எட்டுவதற்காகக் கூட்டப்படும் ஒலி, முதலில் தாக்குவது எந்தத் தடுப்பும் இல்லாத இருசக்கர வண்டிக்காரரையும் சாலையோரத்துக் குழந்தையையும்தான். குமுளி மலைச்சாலை காட்டின் ஊடே செல்வதாலும், பெரியாறு புலிகள் காப்பகமும் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் இவ்வட்டாரத்தில் அமைந்திருப்பதாலும், திடீரென அலறும் ஹாரனுக்குக் காட்டு விலங்குகளும் அஞ்சி ஓட நேர்கிறது.

புதிய ஹாரனுக்கு முன்

சத்தம் போதவில்லை என்று கருதப்படும் பல ஹாரன்கள், தம் முழுத் திறனோடு ஒலிக்காதவையாகவே இருக்கின்றன. சேற்று வயலில் உழுது வரும் டிராக்டரில் ஹாரனின் வாய் மண்ணால் அடைபட்டிருக்கும். எர்த் வயர் இணைந்துள்ள இடம் துருப்பிடித்திருக்கும். பொத்தானின் தொடர்பு தேய்ந்திருக்கும். இரண்டு ஹாரன்கள் சேர்ந்து 10 ஆம்பியர் எடுக்கும்போது, வயரிலும் துருவிலும் 0.2 ஓம் தடை இருந்தால்கூட 2 வோல்ட் வழியிலேயே வீணாகி, 12 வோல்ட் ஹாரனுக்கு 10 வோல்ட் மட்டுமே சென்று சேர்கிறது. அதனால்தான் ஒலி கம்மிப்போகிறது. இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு ரிலேயைப் பொருத்தி, பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக ஹாரனுக்குத் தடித்த வயரில் நேராக மின்சாரம் கொடுத்தால், பொத்தான் வழியே சிறிதளவு மின்னோட்டம் மட்டுமே பாய்ந்து ரிலேயை இயக்கும். ஹாரனுக்கு முழு வோல்ட்டும் கிடைக்கும். இவ்வேலை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு மிக எளியது.

இதன் பிறகும் போதவில்லையெனில், தர முத்திரையுள்ள லோ, ஹை விண்ட்டோன் இணையை, வண்டியின் வோல்ட்டுக்கு ஏற்ப, அதாவது டிராக்டருக்கும் பிக்கப்புக்கும் 12, கனரக லாரிக்கு 24 எனப் பார்த்து வாங்குவதே முறையான மாற்றமாகும். முன்புறம் தடையின்றித் திறந்த இடத்தில், ஹாரனின் உடல் வேறு தகட்டில் உரசாதவாறு அதற்குரிய பட்டையில் மட்டும் தாங்க வைத்து, மழைநீர் தேங்காதபடி குழலின் வாய் சற்றே கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். ஒலியின் அளவைவிட அது எழும்பும் இடத்திலிருந்து தடையின்றி வெளியேறுவதே பல நேரங்களில் முக்கியமானதாகிறது.

எத்தகைய ஹாரனாயினும் அது பெரிதும் முன்னோக்கியே பேசும் என்பதையும் இழுவை வண்டி உரிமையாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இரவில் டிராக்டர் டிரெய்லருக்கு வரும் பெரிய ஆபத்து பின்னாலிருந்து வேகமாக வந்து மோதும் வண்டியே. அதைத் தடுப்பவை டிரெய்லரின் பின்புறத்தில் எரியும் விளக்கும் ஒளிரும் பட்டைகளும்தான். சாலையில் ஓட்டும்போது டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கியால் இணைத்துப் பூட்டுவதும், இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் ஏறும்போது போட்ட கியரிலேயே இறக்குவதும், ஏறிவரும் வண்டிக்கு முதலில் வழிவிடுவதும், வளைவுக்கு முன் ஒருமுறை ஹாரன் கொடுத்துப் பதிலுக்குக் காதைத் தீட்டுவதும் செலவில்லாத பாதுகாப்புகளாகும்.

ஏர் ஹாரனுக்காக ஒதுக்கிய பணத்தை டிரெய்லரின் பிரேக்குக்கும் பின்விளக்குக்கும் செலவிடும் உரிமையாளர் தன் ஓட்டுநரின் உயிரையும் எதிரே வருபவரின் உயிரையும் ஒருங்கே காக்கிறார். தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையில் ஹாரன் ஒலிக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அதற்குரிய காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் அதிகாரிகள் குனிந்து பார்ப்பார்களாயின், கம்பம் பள்ளத்தாக்கின் மலைச்சாலைகளில் தவிர்க்கக்கூடிய விபத்துகளுள் ஒரு பகுதியாவது நிச்சயம் குறையும்.