மக்காச்சோளத்துக்குப் பழகிய ஸ்பானிய அடுப்பு

1565ஆம் ஆண்டு செப்டம்பரில் பெத்ரோ மெனேந்தெஸ் தலைமையில் ஃபுளோரிடாக் கரையில் இறங்கிய ஸ்பானியர், அங்கு வாழ்ந்த டிமுக்குவா பழங்குடியின் தலைவரான செலோயின் ஊரிலேயே, பெரிய வீடொன்றைச் சுற்றி அகழி வெட்டித் தங்கள் முதல் அரணை அமைத்துக்கொண்டனர். இன்றைய செயின்ட் அகஸ்டின் நகரின் தொடக்கம் அதுவே. டிமுக்குவாக்களுடனான நட்பு ஓராண்டுகூட நிலைக்காததால், 1566இல் எதிரேயிருந்த தீவுக்குப் பெயர்ந்த குடியேறிகள், சில ஆண்டுகள் கழித்தே பெருநிலத்துக்குத் திரும்பினர்.

கோதுமை ரொட்டியும் ஒலிவ எண்ணெயும் அவர்கள் விரும்பிய உணவு. ஆயினும் 'சித்துவாதோ' எனப்பட்ட அரசு மானியம் மெக்சிகோவிலிருந்து அடிக்கடி காலந்தாழ்ந்தே வந்தமையால், மக்காச்சோளமும் மீனும் சிப்பியுமே அன்றாடம் வயிற்றை நிரப்பின. படைவீரர் பலர் பழங்குடிப் பெண்களை மணந்ததனால் அடுப்படி அப்பெண்களின் ஆட்சிக்குள் வந்தது. அகழாய்வில் கிடைத்த சமையல் பானைகளுள் பெரும்பாலானவை, மண்திரிகளைச் சுருள் சுருளாக அடுக்கிச் சக்கரமின்றிக் கையால் வனையப்பட்ட உள்ளூர்ப் பானைகளாகவும், பரிமாறும் கலங்கள் ஸ்பெயினின் மெருகிட்ட மட்பாண்டங்களாகவும் இருப்பது இதற்குச் சான்று. அடி நீக்கிய மரப்பீப்பாய்களை மணலில் இறக்கிக் கிணறு அமைத்தனர். நீர் கெட்டபின் அவையே குப்பைக்குழிகளாயின, அது ஆய்வாளருக்கு வாய்த்த நற்பேறு.

காஃபீன் மிகுந்த ஒரு செடியின் இலையை வறுத்துக் காய்ச்சும் 'கசீனா' என்ற டிமுக்குவா பானத்தையும், காலப்போக்கில், ஸ்பானியர் விரும்பி அருந்தலாயினர்.