அலோர் ஸ்டார் சேற்றில் கிறிஸ்துமஸ் தபால்

தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. நிதானமாகவே சொல்கிறேன். மலை ஊரான கோலா தெர்லாவில் உட்கார்ந்துகொண்டு பழைய தபால் விமானங்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் சொல்லும் ஊர் அலோர் ஸ்டார். நம்மவர்கள் கடாரம் என்று உரிமையோடு அழைக்கும் கெடாவின் தலைநகர். 1931 நவம்பர் 26 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கிறிஸ்துமஸ் கடிதங்களை ஏற்றிச் சென்ற ‘சதர்ன் சன்’ விமானம் அங்கேதான் நொறுங்கியது. நம் மலையில் ரஸ்ஸல் துரை ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கி அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

விமானத்தை ஓட்டியவர் ஜி. யு. ஆலன். மூன்று என்ஜின் கொண்ட ஆவ்ரோ டென் ரகம்; ஃபோக்கர் என்ற டச்சு விமானத்தின் வடிவத்தை உரிமம் வாங்கி இங்கிலாந்தில் கட்டியது. இறக்கை மரத்தால் ஆனது. மழையில் ஊறிக் கிடந்த மைதானத்திலிருந்து கிளம்பும்போது விபத்து நடந்தது. யாரும் சாகவில்லை, கடிதங்களும் தப்பின.

ஈரத் தரைக்கு அவ்வளவு பலமா என்று தோன்றும். விமானத்தை மேலே தூக்குவது இறக்கையைத் தழுவி ஓடும் காற்று. அந்தக் காற்றோட்டம் வேண்டுமென்றால் முதலில் தரையில் வேகமாக ஓடியாக வேண்டும். மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் மண்ணுக்கே கட்டுப்படும். விமானச் சக்கரத்துக்கும் அதே கதிதான். இதோடு பெட்ரோல் பாரம், தபால் மூட்டைகள், ஆட்கள். நம் ஊர் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், குளிர் நாட்டை விட இங்கே அதிக தூரம் ஓடினால்தான் எழும்பும். தார் போட்ட ஓடுபாதை கிடையாது; வெறும் புல்தரை. புல்தரை முடிகிற இடத்துக்குள் வேகம் சேரவில்லை என்றால் அவ்வளவுதான்.

சரி, அப்படிப்பட்ட இடத்தில் ஏன் இறங்கினார்கள்? அன்றைய விமானங்களால் ஒரே மூச்சில் வெகுதூரம் போக முடியாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியா போகும் கே.எல்.எம். விமானங்களும் பேங்காக்கை விட்டால் அலோர் ஸ்டாரில் இறங்கித்தான் மேடான் போயின. இறங்க மேடு பள்ளம் இல்லாத நிலம் வேண்டும். கெடாவில் அப்படிப்பட்ட நிலம் நெல் விளையும் சமவெளி. நெல் விளைகிற மண் எது? தண்ணீர் நிற்கிற மண். தபால் விமான வரலாறு என்றாலே விமானிகளின் துணிச்சலைத்தான் எழுதுகிறார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வருஷங்களில் கடிதத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது பெரும்பாலும் தரைதான் என்பது என் எண்ணம்.

சதர்ன் சன்னை அனுப்பிய ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸுக்கு அது கெட்ட வருஷம். மார்ச் மாதம் அவர்களுடைய ‘சதர்ன் கிளவுட்’ எட்டுப் பேரோடு காணாமல் போயிருந்தது. வெளிநாட்டுத் தபாலை நம்மால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று காட்டத்தான் இந்தக் கிறிஸ்துமஸ் பயணம். எனவே நிறுவனத்தை நடத்திய சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் தானே ‘சதர்ன் ஸ்டார்’ விமானத்தை எடுத்துக்கொண்டு வந்து, அலோர் ஸ்டாரில் மூட்டைகளை ஏற்றினார். டிசம்பர் 16 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார். பண்டிகைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அவருக்கு இந்த வேலை புதிதல்ல. அதே வருஷம் ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து முதல் சோதனைத் தபாலோடு வந்த ‘சிட்டி ஆஃப் கெய்ரோ’ திமோர் தீவின் கூப்பாங்கில் பெட்ரோல் தீர்ந்து விழுந்தபோதும், டார்வினிலிருந்து போய்க் கடிதங்களை எடுத்து வந்தவர் அவர்தான்.

எனக்கு மனம் கனப்பது பிரின்ஸ்மீடை நினைக்கும்போதுதான். ஆஸ்திரேலியாவின் சிவில் விமானத் துறைத் தலைவர். சதர்ன் சன்னில் பயணியாக வந்து, அலோர் ஸ்டாரில் உயிர் தப்பியவர். லண்டன் போயாக வேண்டும் என்று டச்சுக்காரர்களின் விமானத்தில் ஏறினார். டிசம்பர் 6 அன்று பேங்காக்கில் அந்த விமானமும் கிளம்பும்போதே நொறுங்கியது. உடன் வந்தவர்களில் பலர் இறந்தார்கள். அவர் படுகாயத்தோடு பிழைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, 1934-ல் இறந்துபோனார். பத்து நாள் இடைவெளியில் இரண்டு விபத்து, இரண்டும் தரையை விட்டு எழும்பும் நேரத்தில்.

நம் தோட்டத்து மக்களின் கடுதாசி இந்த விமானங்கள் எதிலும் போகவில்லை. அது பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போனது. விமானத் தபால் மெல்ல மெல்லத்தான் விரிந்தது. 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மதராசுக்கு வந்தது. லண்டன் விமானத் தபால் 1933 டிசம்பரில் சிங்கப்பூருக்கும், அடுத்த டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கும் நீண்டது. பாதை நிலைத்தும் தரைப் பிரச்சினை தீரவில்லை. 1938-ல் இங்கிலாந்து–ஆஸ்திரேலியா தடத்தில் பெரிய கடல் விமானங்களை விட்டார்கள். அவற்றுக்குச் சக்கரமே வேண்டாம்; படகுபோல நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும். அதற்கு முந்தைய வருஷம் சிங்கப்பூரில் திறந்த காலாங் விமான நிலையத்தில், சதுப்பு நிலத்தைத் தூர்த்து அமைத்த மைதானத்தோடு கடல் விமானங்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.