மீனின் சாப்பாடு கல்லுக்கடியில்

தோட்டத்தில் வளர்ந்த தாத்தாக்களிடம் மீன் பிடித்த கதையைக் கேட்டால் மூங்கில் கழி, நைலான் நரம்பு, மண்புழு என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதே கழியை வைத்து, புழுவே இல்லாமல், கம்பியும் இறகும் சுற்றிய ஒரு பொம்மைப் பூச்சியால் மீனை ஏமாற்றவும் முடியும். 'நிம்ஃப்' தூண்டில் என்பது அதன் பெயர். அதைக் கற்றுக்கொள்ள விரும்பினால் கழியைக் கொஞ்ச நேரம் கரையில் வைத்துவிட்டு, ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டுங்கள்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் வழியில், அங்சி மலையடிவாரத்தில் உலு பெண்டூல் ஓடை இருக்கிறது. இதுபோன்ற தெளிந்த ஓடையில் உள்ளங்கை அளவு கல்லைத் தூக்கினால், அடிப்பக்கத்தில் தட்டையான சிறு பூச்சிகள் ஓடும். வால் இழை மூன்றும், வயிற்றின் இரு பக்கமும் படபடக்கும் செவுள்களும் இருந்தால் அது மேஃபிளையின் நிம்ஃப், அதாவது இறக்கை முளைக்காத இளம்பூச்சி. இறக்கை முளைத்ததும் சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஓரிரு நாள்தான் அதற்கு உயிர். சாப்பிட வாய்கூட வேலை செய்யாது. (மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசல் வேறு, அது கறையான்.) அதற்கு முன்பு வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில், தண்ணீருக்கடியிலேயே வாழ்கின்றன. ஆகவே மீனுக்கும் பெரும்பாலான சாப்பாடு அங்கேதான்.

இதைச் சொன்னதற்காக இங்கிலாந்தில் ஒரு வழக்கறிஞர் பெரிய சச்சரவைச் சந்தித்தார். மிதக்கும் பூச்சியைப் போட்டுப் பிடிப்பதே கண்ணியம் என்று நம்பிய காலம் அது. 'மீன் கீழேயும் சாப்பிடுகிறதே' என்று 1910இல் புத்தகம் எழுதினார் ஸ்கியூஸ். 1938இல்கூட லண்டன் மீன்பிடிப்போர் சங்கம் ஒன்று இதற்காக விவாதக் கூட்டம் நடத்தியது! பிறகு பிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர், நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியால் ஃபெசண்ட் பறவையின் வால் இறகைக் கொக்கியில் கட்டினார். பொம்மை கனமாகி மூழ்கியது. நமக்குப் பழுதான மின்விசிறி மோட்டாரின் கம்பியும் நாட்டுக்கோழி இறகும் போதும்.

இனி கொஞ்சம் இயற்பியல். ஆறு எல்லா ஆழத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அடியில் கல்லும் மணலும் உராய்வதால் அங்கே மெதுவாகவும், மேலே வேகமாகவும் ஓடும். பூச்சி அடியில் மிதந்து வரும்போது நரம்பு மேல்நீரில் கிடந்தால், மேல்நீர் நரம்பை இழுக்க, பூச்சி தன் அக்கம்பக்கத்துத் தண்ணீரைவிட வேகமாகப் பாயும். எந்த நிஜப்பூச்சியும் அப்படிப் போகாது. மீன் உடனே சந்தேகப்படும். அதனால் ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, பூச்சியை மேல்நோக்கி வீசி, கழியை உயர்த்தி நரம்பைத் தண்ணீரில் படாமல் பிடியுங்கள். பூச்சி வரும் வேகத்துக்கே கழி நுனியும் வர வேண்டும். நரம்பு சட்டென்று நின்றால் கழியைத் தூக்குங்கள். பெரும்பாலும் அது கல்லாக இருக்கும். சில தடவை தெங்காஸ் மீனாக இருக்கும். ஜப்பானிய மலையோடைகளில் உருளையே இல்லாத கழியால் பூச்சித் தூண்டில் போடுகிறார்கள். தென்காரா என்று பெயர். தாத்தாவின் மூங்கிலை மட்டமாக நினைக்காதீர்கள்.

வனப் பூங்காவில் தூண்டில் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகுகள் அடித்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்துகொண்டிருக்கலாம்.

ஓடை மலையை விட்டு இறங்கித் தோட்டங்களுக்குள் நுழைந்த பிறகும் கல்லைப் புரட்டிப் பாருங்கள். செம்பனை மறுநடவுக்காக மண்ணைக் கிளறிய இடத்துக்குக் கீழே, கற்களின் இடுக்குகளில் வண்டல் அடைந்திருக்கும். நிம்ஃப் ஒளிய இடமில்லை. அதைவிட மோசமானது ஆலைக் கழிவு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் ஆற்றுநீர் சுமார் 8 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் கரைத்து வைத்திருக்கும். செம்பனை ஆலையின் சுத்திகரிக்காத ஒரு லிட்டர் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டர் கழிவு, மூவாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட ஆற்றுநீரின் உயிர்வளியைக் குடித்துவிடும். இதற்காகவே 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 1984க்குள் 100 ஆகக் குறைந்தது. 100ஐ 8ஆல் வகுத்தால் பன்னிரண்டரை லிட்டர். அதுவும் சும்மா இல்லை, ஆனால் ஆறு மூச்சுவிடலாம்.

உயிர்வளி மிகவும் குறைந்த சேற்றில் மேஃபிளை இருக்காது. பதிலாகச் சிவப்பு நூல்போல நெளியும் புழுக்கள் இருக்கும். அவை கடிக்காத ஒரு வகைச் சிறு ஈக்களின் இளம்புழுக்கள். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அவற்றிலும் இருப்பதால் கிடைக்கும் கொஞ்ச உயிர்வளியைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இடத்தில் இறகும் செம்பும் வேண்டாம். கொக்கியில் சிவப்பு நூலைச் சுற்றினால் கெளுத்தியோ திலாப்பியாவோ வரும். பிடித்ததை அங்கேயே விட்டுவிடுங்கள், சமைக்க வேண்டாம்.