வரப்பில் ஒரு சிறு நெசவாளி

குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளிலும் வரப்புப் புதர்களிலும் வாலை நிமிர்த்தித் திரியும் சாம்பல் கதிர்க்குருவியை அன்பர்கள் கண்டிருக்கலாம். 1832-இல் சைக்ஸ் என்பார் இதற்கு அறிவியற் பெயரிட்டார். நீளம் 13 சென்டிமீட்டரே. பறக்கையில் ‘டிக் டிக்’ என ஓசை எழும். வண்டும் புழுவுமே பெரும்பாலும் உணவு. ஆகவே உழவருக்குக் கூலி கேளாத துணைவன்.

இலைகளைச் சிலந்தி நூலால் தைத்து, உள்ளே கூடமைத்து, செங்கல் நிறத்தில் 3 முதல் 5 முட்டைகள் இடும். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய 12 நாள். புல்வெளியில் வாழும் இதன் உறவினம் ஒன்றோ, நின்ற புல்லையே சிலந்தி நூலாற் பிணைத்துப் பையாக்கிவிடுகிறது. பாவும் ஊடும் அறிந்த நம் தறிக்காரரும் மெச்சும் வேலை!

இத்தனையும் ஓர் அரிவாள் வீச்சில் அழிகிறது. மாட்டுக்குப் புல் அறுக்கையில் கூடு தென்பட்டால், அப்புதரை மட்டும் ஒரு மாதம் விட்டுவைக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.