உங்களுக்குத் தெரியுமா? மேற்குப் புறத்து மகிழமரம்

என்றும் பசுமையான விருட்சங்கள் இலையுதிர்ப்பதே இல்லை என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் மகிழமும் புன்னையும் பழுத்த இலைகளை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகக் கழித்து, புதுத் தளிர்களையும் ஈன்றுகொண்டே இருப்பதனால்தான் சித்திரை வெயிலிலும் அவற்றின் நிழல் மெலிவதில்லை.

வீட்டின் மேற்கே, சுவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு மகிழங்கன்றை நட்டு வளர்த்தால், அது பிற்பகல் வெயிலின் உக்கிரத்தைத் தடுப்பதோடு, அதன் இலைத்துளைகளின் வழியே ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஏறத்தாழ 580 கிலோ கலோரி உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்வதால், குளிர்ச்சியும் நமக்குச் சித்திக்கிறது. விடியலில் அதனடியில் உதிர்ந்து கிடக்கும் வெளிர்நிறச் சிறு பூக்களோ, வாடிப் பழுப்பேறிய பின்னும் சுகந்தம் இழப்பதில்லை. நாரில் கோத்துத் துணிப்பெட்டியில் இட்டு வைக்கலாம்.

கடலோரவாசிகளுக்கு உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையே உசிதம். மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தின் தல விருட்சமும் அதுவே. ஆயினும் அது பெருமரமாகப் படரும் என்பதால், குறுகிய கொல்லைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மகிழம் நிதானமாகவே வளரும். அவ்வளவு பொறுமையற்றவர்கள், சில நாள் இலையுதிர்த்து நிற்குமெனினும், விரைவில் நிழல் தரும் புங்கையை நட்டுக்கொள்ளலாம்.