மோனெல் கொள்முதல்: வாங்குவோரின் உரிமையும் அதன் கெடுவும்

கடல்நீரின் அரிப்பைத் தாங்கவேண்டிய புரொப்பல்லர் தண்டு, பம்பு அச்சு, வால்வின் உட்பாகங்கள் முதலியவற்றுக்கும், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக் கையாளும் தொழிற்சாலைக் கலன்களுக்கும் பயன்படும் நிக்கல்–செம்பு உலோகக்கலவைகளுள் மோனெல் 400 முதன்மையானது. குறைந்தது 63 விழுக்காடு நிக்கலும், 28 முதல் 34 விழுக்காடு வரை செம்பும் இதில் இருத்தல் வேண்டும். விலையில் பெரும்பங்கு நிக்கலுக்கே உரியதாகையால், நிக்கல் குறைந்த கலவை இதன் பெயரில் விற்கப்படும் அபாயம் உண்டு. அந்த மோசடி அரிப்பாக வெளிப்படப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். ஆனால் இந்தியச் சட்டம் வாங்குவோருக்குத் தரும் வலுவான உரிமையாகிய சரக்கை மறுக்கும் உரிமை, சரக்கு வந்துசேர்ந்த சிறிது காலத்திலேயே கைநழுவக்கூடும்.

கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு

70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு நிக்கலும் கொண்ட குப்ரோநிக்கல், தோற்றத்தில் மோனெலை ஒத்த வெள்ளி நிறமுடையது. அடர்த்தியும் மோனெலின் 8.8 கிராமுக்கு (ஒரு கன சென்டிமீட்டர் அளவில்) மிக நெருங்கியது என்பதால், எடைபோட்டுப் பிரித்தறிவது எளிதன்று. காந்தச் சோதனையும் உறுதி தராது. ஒரு பொருள் வலுவான காந்த ஈர்ப்பை இழக்கும் வெப்பநிலை, அதாவது கியூரி வெப்பநிலை, மோனெல் 400-க்கு அறை வெப்பநிலையை ஒட்டி அமைவதால், கலவையின் சிறு மாறுபாட்டுக்கேற்ப ஒரே தரத் தண்டுகளுள் ஒன்று காந்தத்தில் ஒட்டவும் மற்றொன்று ஒட்டாதிருக்கவும் கூடும்.

கொள்முதல் ஆணையின் வாசகம்

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, விவரணை கூறி விற்கப்படும் சரக்கு அவ்விவரணைக்கு ஒத்திருத்தல் ஒப்பந்தத்தில் உட்கிடையான நிபந்தனையாகும். பயன்பாட்டைத் தெரிவித்து விற்பவரின் தேர்ச்சியை நம்பி வாங்கும்போது, சரக்கு அப்பயனுக்குத் தகுந்ததாகவும் இருக்கவேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. எனினும், குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சுட்டி வாங்கினால் இத்தகுதி நிபந்தனை பொருந்தாது என்று அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. மோனெல் ஒரு வணிகப் பெயர். எனவே ஆணையில் அப்பெயரோடு நில்லாமல், யு.என்.எஸ். என்04400 என்னும் தர எண்ணையும், தண்டுக்கு ஏ.எஸ்.டி.எம். பி164, தகட்டுக்கு பி127, இணைப்பில்லாக் குழாய்க்கு பி165 என்னும் தரநிலையையும், பொருள் பயன்படவிருக்கும் சூழலையும் எழுதுதல் வேண்டும்.

சூழலை எழுதுவதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஓடும் கடல்நீரில் நெடுங்காலம் நிற்கும் இக்கலவை தேங்கிய கடல்நீரில் குழியரிப்புக்கு உள்ளாகலாம். நைட்ரிக் அமிலத்தை இது தாங்காது. 1915-இல் அமெரிக்காவில் மோனெல் தகடுகளால் உடற்பகுதி அமைக்கப்பட்ட ‘சீ கால்’ என்னும் உல்லாசப் படகு, அத்தகடுகளோடு இணைந்த எஃகுப் பகுதிகள் மின்வேதி அரிப்பால் விரைந்து சிதைந்ததால் கைவிடப்பட்டது. இத்தகைய வடிவமைப்புப் பிழைக்கு உலோகத்தை விற்றவரைப் பொறுப்பாக்குவது கடினம்.

சான்றிதழும் சோதனையும்

இ.என். 10204 என்னும் ஐரோப்பியத் தரநிலையின் 3.1 வகைச் சான்றிதழ், வழங்கப்படும் சரக்கின் சோதனை முடிவுகளையே கொண்டிருப்பதோடு, உற்பத்திப் பிரிவைச் சாராத ஆலைப் பிரதிநிதியின் ஒப்புதலையும் பெற்றிருக்கும்; 3.2 வகையில் வாங்குபவரின் பிரதிநிதியோ புறத்தார் ஆய்வாளரோ சேர்ந்து கையொப்பமிடுவர். சான்றிதழிலுள்ள ஹீட் நம்பர், அதாவது ஒரே உருக்கில் வார்த்த உலோகத்துக்கு ஆலை இடும் எண், தண்டின்மீது பொறித்த எண்ணோடு ஒத்திருக்கவேண்டும். எண் பொருந்தினாலும் காகிதம் போலியாக இருக்கலாம் என்பதால், உலோகத்தைச் சேதப்படுத்தாத கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவியால் நிக்கல், செம்பு அளவுகளைச் சரிபார்ப்பதும், அக்கருவி காட்டாத கார்பன் அளவை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அறிவதும் நன்று.

மறுப்பும் இழப்பீடும்

சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புப் பெறும் உரிமையைச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அதன்பின் தண்டை வெட்டினாலோ கடைந்தாலோ, நியாயமான காலத்துக்குமேல் பேசாமல் வைத்திருந்தாலோ, 42-ஆம் பிரிவின்படி சரக்கு ஏற்கப்பட்டதாகக் கருதப்படக்கூடும். பிறகு பொதுவாக இழப்பீடு கோரலாமேயன்றிச் சரக்கை மறுக்க இயலாது. உரிய காலத்தில் மறுப்பவர் அதை எழுத்தில் தெரிவித்தால் போதும். வேறு உடன்பாடு இல்லாவிடில் திருப்பி அனுப்பும் கடமை அவருக்கு இல்லை என்கிறது 43-ஆம் பிரிவு.

இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவான கால வரம்பு 3 ஆண்டுகள். விற்பவரின் மோசடி மறைந்திருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்தோ உரிய கவனத்தோடு இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அவ்வரம்பு கணக்கிடப்படும். தெரிந்தே போலிச் சான்றிதழ் தந்து விற்றவர்மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏமாற்றுதல் குற்றத்துக்கான புகாரும் அளிக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கக் கொள்முதலை விலக்கினாலும், சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே தம் படகுக்குத் தண்டு வாங்கிய மீனவரை நுகர்வோராக ஏற்கிறது. அவர் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், 1915 என்னும் உதவி எண்ணில் வழிகாட்டுதலும் பெறலாம்.

சரக்கு விற்பனைச் சட்டம் தரும் உரிமைகளுள் பலவற்றை ஒப்பந்த வாசகத்தால் மாற்றிவிட அச்சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடமளிப்பதால், விற்பவரின் விலைப்புள்ளியில் உள்ள நிபந்தனைகளை முதலில் படிப்பதும், சோதனை முடிவு வந்த பின்னரே சரக்கு ஏற்கப்படும், மீதித்தொகை செலுத்தப்படும் என்று ஆணையிலேயே எழுதுவதும் வாங்குவோர் மறவாது செய்யவேண்டியவை.