நிறுவனம் மறைந்தது, இயந்திரம் ஓடுகிறது!
பழுதுபார்க்கும் உரிமை விவாதத்தில் பின்பால் தரும் சாட்சியம்

புதுதில்லி: வாஷிங் மெஷின் நின்றுவிடுகிறது. பழுதுபார்க்க வருபவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது" என்கிறார். புது போர்டின் விலையோ மலைக்க வைக்கிறது. அந்த மாடலின் உற்பத்தி நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தால் அதுவும் கிடைப்பதில்லை. மோட்டாரும் டிரம்மும் நல்ல நிலையில் இருந்தும், உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு ஒன்றுக்காக முழு இயந்திரமும் பழைய சாமான் கடைக்குப் போகிறது.

நாட்டின் எல்லா நகரங்களிலும் நடக்கும் கதைதான் இது. இதற்குத் தீர்வு காண மத்திய நுகர்வோர் விவகாரங்கள் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு பிரிவுகளைக் குழு முதலில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது.

உதிரிபாகம் தருவது, கையேடு தருவது என இந்த விவாதம் பெரும்பாலும் உற்பத்தியாளரின் கடமையையே சுற்றி வருகிறது. உற்பத்தியாளரே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது? இதற்கு விடை, யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பழைய பின்பால் விளையாட்டு இயந்திரங்களே அந்த இடம்.

சூதாட்டம் எனத் தடை

கண்ணாடி மூடிய சாய்வான மேசை. உருண்டோடும் எஃகுக் குண்டு. அது கீழே விழாமல் தட்டிவிட இரண்டு சிறு துடுப்புகள். நாணயம் போட்டு ஆடும் பின்பால் இவ்வளவுதான். இதைச் சூதாட்டக் கருவி என்று கருதி நியூயார்க் நகரம் 1942 முதல் 1976 வரை தடையே விதித்திருந்தது. பாலி, வில்லியம்ஸ், காட்லீப் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் சிகாகோ வட்டாரத்தில் இயங்கியவை.

1970-களின் நடுப்பகுதி வரை இவை ரிலே சுவிட்சுகளால் இயங்கின. 1977 வாக்கில் மைக்ரோபிராசசர் வந்தது. பாலி நிறுவனம் தன் இயந்திரங்களில் மோட்டோரோலாவின் 6800 சில்லைப் பயன்படுத்தியது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதிகபட்ச மதிப்பெண்ணும் கணக்குகளும் அழியாதிருக்க, போர்டிலேயே ஒரு ரீசார்ஜ் பேட்டரியைப் பற்றவைத்தனர். வினை அங்கேதான் தொடங்கியது.

ஆண்டுகள் செல்லச் செல்ல பேட்டரியிலிருந்து காரம் கசிந்தது. அது போர்டின் செம்புத் தடங்களையும் சில்லுகள் செருகும் சாக்கெட்டுகளையும் மெல்ல அரித்துத் தின்றது. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைப்போல, வெளியே தெரியாமலே நடந்த சேதம் இது. வில்லியம்ஸ் சாதாரண பேட்டரிகளைப் போர்டில் பொருத்தியது. உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அவற்றுக்கும் அதே கதிதான்.

இதற்கிடையே உற்பத்தியாளர்கள் ஒவ்வொருவராக விலகினர். பாலியின் பின்பால் பிரிவு 1988-ல் வில்லியம்ஸ் வசம் சென்றது. காட்லீப் பெயரில் இயந்திரம் தயாரித்த நிறுவனம் 1996-ல் மூடப்பட்டது. வில்லியம்ஸ் 1999 அக்டோபரில் பின்பால் தயாரிப்பையே கைவிட்டது. 1992-ல் வெளியாகி 20,270 இயந்திரங்கள் விற்ற 'ஆடம்ஸ் ஃபேமிலி'யைத் தந்த நிறுவனத்துக்கே இந்த முடிவு. போர்டு அரித்துப்போனால் கேட்பதற்கு ஆளில்லை என்ற நிலை உருவானது.

கைகொடுத்த சர்க்யூட் படம்

ஆனாலும் இயந்திரங்கள் குப்பைக்குப் போகவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓரிருவர் நடத்தும் சிறு தொழிற்கூடங்கள் புது போர்டுகளைத் தயாரிக்கத் தொடங்கின. அளவும், திருகாணித் துளைகளும், வயர் செருகும் இணைப்பிகளின் இடமும் பழைய போர்டில் இருந்தபடியே இருக்கும். உள்ளே இருப்பவை மட்டும் இன்றைய சில்லுகள். பழைய போர்டைக் கழற்றிய இடத்தில் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. ஒரே போர்டில் பல ஆட்டங்களின் நிரல்களை ஏற்றிவைத்து, சிறு சுவிட்சுகளைத் தள்ளி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் வகையும் உண்டு. மின்சாரமின்றியே நினைவைக் காக்கும் சில்லுகள் வந்துவிட்டதால் பேட்டரிக்கே இடமில்லை.

இது சாத்தியமானதற்கு முக்கிய காரணம், இயந்திரத்துடனேயே வந்த கையேடும் முழு சர்க்யூட் படமும். அவற்றை நிறுவனங்கள் தாராள மனதால் தரவில்லை. மதுக்கடைகளில் இயந்திரத்தை வைத்து நாணய வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்ட குத்தகைக்காரர்களே அவர்களின் வாடிக்கையாளர்கள். இயந்திரம் நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. எனவே அந்த இடத்திலேயே பழுதுபார்த்தாக வேண்டும். வாங்குபவரின் கை ஓங்கியிருந்ததால் படம் கிடைத்தது. நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளும் ஒரு காலத்தில் சர்க்யூட் படப் புத்தகங்களை வைத்துத்தான் தொழில் செய்தனர்.

படம் மட்டும் போதாத இடமும் இருந்தது. காட்லீபின் முதல் மின்னணு இயந்திரங்களில் ராக்வெல் நிறுவனத்தின் தனிவகைச் சில்லுகள் இருந்தன. இயக்க நிரலின் பெரும்பகுதி அவற்றுக்குள்ளேயே பதிந்திருந்தது. அந்தச் சில்லுகளின் உற்பத்தி நின்றுபோனதால், அவை செய்த வேலையை அப்படியே செய்யும் புது நிரலை எழுத வேண்டியதாயிற்று. போர்டைவிட நிரலே பெரிய முடிச்சு என்பது இதிலிருந்து புரியும்.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியச் சட்டங்களிலும் அதே முடிச்சு இருக்கிறது. நாடாளுமன்றம் 2000-ல் நிறைவேற்றிய குறைக்கடத்தி ஒருங்கிணைந்த சுற்று வடிவமைப்புச் சட்டம், சில்லின் வடிவமைப்புக்கு 10 ஆண்டு பாதுகாப்பே தருகிறது. காப்புரிமை 20 ஆண்டுகளில் முடிகிறது. ஆனால் கணினி நிரல், 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். வேறொரு நிரலுடன் இணைந்து செயல்படத் தேவையான தகவலைப் பெறுவதற்கு 52-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. பழுதுபார்ப்பவருக்கு இப்போதைக்கு இருக்கும் பிடிமானங்களில் அது ஒன்று.

உதிரிபாகங்களைப் பூட்டிவைப்பதற்கு எதிராக முன்பே ஒரு குரல் எழுந்தது. வெளிப் பணிமனைகளுக்குப் பாகங்களும் பழுதறியும் கருவிகளும் தராததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. விவகாரம் பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது.

கையேடு, சர்க்யூட் படம், மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவற்றை நிறுவனங்கள் முழுமையாகத் தர வேண்டும் என்று 2022 குழுவின் முதல் கூட்டத்திலேயே பேசப்பட்டது. அடுத்து 2024-ல் அமைக்கப்பட்ட மற்றொரு குழு, பொருள்களுக்குப் 'பழுதுபார்ப்புக் குறியீடு' வழங்கலாம் என 2025 மே மாதம் பரிந்துரைத்தது. முதற்கட்டமாக செல்போன்களும் டேப்லெட்டுகளும் இதில் வருகின்றன. எளிதில் கழற்ற முடிகிறதா, உதிரிபாகமும் பழுதுபார்க்கும் தகவலும் கிடைக்கின்றனவா என்பவற்றை வைத்து மதிப்பெண் போடப்படும்.

வாங்கும்போது பொருளை ஒப்பிட்டுப் பார்க்க மதிப்பெண் உதவும். ஆனால் விற்பனையை முடித்துக்கொண்டு நிறுவனம் வெளியேறிய பிறகு மதிப்பெண்ணை வைத்து போர்டு செய்ய முடியாது. அதற்குப் படம் வேண்டும், நிரல் வேண்டும். இரண்டையும் விற்கும்போதே வாங்கி ஒரு பொது அமைப்பிடம் வைத்திருந்தால்தான் உண்டு.

மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான 2022-ம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தன. மறுசுழற்சிப் பொறுப்பை அவை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. தலைநகரில் செங்கோட்டை எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். அங்கிருந்து யமுனையைத் தாண்டினால் சீலம்பூர். பழைய போர்டுகளைச் சூடாக்கிச் சில்லுகளைப் பிரித்தெடுத்து, செம்புக்காகவும் தங்கத்துக்காகவும் மிச்சத்தை அமிலத்தில் ஊறவைக்கும் தொழிலுக்குப் பெயர்போன பகுதி அது. அங்கே வந்துசேரும் போர்டு எதற்கும் சர்க்யூட் படம் கூடவே வருவதில்லை.